கியாலமியில் எஞ்சின் அளவீடுகளைப் பதிவு செய்தல்

கடலோர டர்பனிலிருந்து, தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் அருகேயுள்ள கியாலமி கார் பந்தயத் தளத்துக்கு வரும் நம்மவர்கள், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால், டர்போ (காற்றை அழுத்தி ஊட்டும் கருவி) இல்லாத எஞ்சின் ஏறத்தாழ 15 விழுக்காடு வலுவிழப்பதை உடனே உணர்வார்கள். அதை எண்களாகக் காட்டுவது காரின் ஓபிடி சாக்கெட்டில் (எஞ்சின் கணினியின் அளவீடுகளைப் படிக்கும் இணைப்பில்) செருகும் தீப்பெட்டி அளவுக் கருவி. கே-லைன் எனும் பழைய, ஒற்றைக் கம்பித் தரவு இணைப்புள்ள கார்கள் ஒவ்வொரு கேள்விக்கும் மெதுவாகவே பதில் தருவதால், நொடிக்குச் சில அளவீடுகளே கிடைக்கும். ஆகவே எஞ்சின் சுழற்சி, த்ராட்டில், கூலன்ட் வெப்பம் ஆகியவற்றை மட்டும் பதிவு செய்வதே நல்லது. கேன் எனும் புதிய, வேகமான தரவு இணைப்புள்ள கார்களில் இந்தக் கவலை குறைவு.

ஆனால் எண்ணெய் அழுத்தம் பெரும்பாலான கார்களில் ஓபிடி வழியாக வருவதேயில்லை. நீண்ட வளைவில் எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கி அழுத்தம் சரியும் அந்த நொடியே பேரிங்குகளைத் தின்றுவிடும் என்பதால், எண்ணெய் ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு தட்டு வைத்து, அதில் தனி சென்சார் பொருத்தியிருக்கிறேன்.