மே மாதத்தில் காவிரியைக் காட்டப் போன கதை

பிழை என்னுடையதுதான். சென்ற ஆண்டு ஆடிப்பெருக்கன்று காவிரிப் பாலத்தின் நடைபாதையில் நின்றுகொண்டு, இருகரையும் தொட்டு ஓடிய ஆற்றை ஒரு நிமிடம் கைப்பேசியில் பிடித்து, பெங்களூரில் இருக்கும் என் மைத்துனருக்கு அனுப்பிவைத்தேன். "அடுத்த பள்ளி விடுமுறைக்குத் திருச்சிதான், அத்தான்" என்று உடனே பதில் வந்தது. பள்ளி விடுமுறை மே மாதத்தில் வரும் என்பதும், மே மாதத்தில் காவிரி வராது என்பதும் அந்த நேரத்தில் எனக்கு ஒருசேர நினைவுக்கு வரவில்லை.

அவர்கள் வீட்டுக் குழாயில் வருவதே காவிரித் தண்ணீர்தான். தினமும் குடித்துக் குளிக்கும் ஆற்றை நேரில் பார்ப்பதற்காக, மனைவி மக்களுடன் இரவெல்லாம் ரயிலில் வந்து, அக்னி நட்சத்திரத்தில் எங்கள் ஊரில் இறங்கினார் மைத்துனர். நிலையத்திலிருந்து திருவரங்கத்தில் உள்ள எங்கள் வீட்டுக்குக் காரில் போய்க்கொண்டிருந்தபோது, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த எட்டு வயது மருமகன், "மாமா, ஆறு எப்போது வரும்?" என்று கேட்டான்.

"இப்போதுதானே தாண்டினோம்" என்றேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்த சந்தேகம் அடுத்த இரண்டு நாள்களுக்கு மாறவே இல்லை.

மலைக்கோட்டைக்குக் காலை ஆறு மணிக்குக் கிளம்புவது என்று தீர்மானித்து, பொங்கலும் வடையும் குறுக்கிட்டதால் ஒன்பதரைக்குக் கிளம்பினோம். இருபது ஆண்டுகளாக இந்த ஊரில் இருக்கிறேன். உச்சிப் பிள்ளையாரைத் தினமும் பேருந்திலிருந்தே கும்பிட்டு, கன்னத்தில் போட்டுக்கொள்வதோடு சரி. கடைசியாக எப்போது மலையேறினேன் என்று மைத்துனர் கேட்டபோது, "அடிக்கடிதான்" என்று சொன்னேன். மாணிக்க விநாயகர் சந்நிதியைத் தாண்டி ஐம்பதாவது படியில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து என் மனைவி எதுவும் சொல்லவில்லை. மூச்சு வாங்குவதை மறைப்பதற்காகத் தல வரலாறு சொல்ல ஆரம்பித்தேன்.

வழிகாட்டிகளுக்கு மலைக்கோட்டை ஒரு வரம். நானூறு படிகளுக்கு மேல் இருப்பதால், எங்கெல்லாம் கால் வலிக்கிறதோ அங்கெல்லாம் நின்று சொல்வதற்குக் கதைகள் உண்டு. ஆனால் அந்தக் கதைகள் எல்லாவற்றிலும் காவிரியில் தண்ணீர் ஓடுகிறது என்பதை நான் முன்கூட்டியே யோசிக்கவில்லை.

முதலில் தாயுமானவர். பிரசவ வலியில் துடித்த மகளிடம் வர முடியாமல் அவளுடைய தாய் காவிரியின் அக்கரையிலேயே நின்றுவிட, சிவபெருமானே தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார் என்று உருக்கமாகச் சொன்னேன். மைத்துனரின் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. பையன் மட்டும், "அந்தப் பாட்டி ஏன் வரவில்லை?" என்றான். ஆற்றில் வெள்ளம் என்றேன். "எந்த ஆற்றில்?" என்றான்.

அடுத்து, உச்சிக்குச் சற்றுக் கீழே உள்ள குகைக் கோயில். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்தது. ஒரு கையால் சடையைப் பிரித்து கங்கையை வாங்கிக்கொள்ளும் கங்காதரர் சிற்பம் அங்கே இருக்கிறது. இங்குள்ள வடமொழிக் கல்வெட்டு சொல்லும் செய்தி எனக்கு மிகவும் பிடித்தமானது. ஏற்கெனவே ஒரு நதியைத் தலையில் வைத்திருக்கும் சிவபெருமான், கண்ணுக்கினிய இந்தக் காவிரியையும் பார்த்து மயங்கிவிடுவாரோ என்று பயந்த பார்வதி, "இவள் பல்லவனுக்கு உரியவள்" என்று சொல்லிக்கொண்டு, பிறந்த வீட்டையும் விட்டுவிட்டு இந்த மலைக்கே வந்து குடியேறிவிட்டாளாம். குடும்பம் நடத்தத் தெரிந்த பெண்மணி. இதைக் கேட்டு என் மனைவி பலமாகத் தலையாட்டினாள். மைத்துனரோ கீழே பார்த்துவிட்டு, "மே மாதத்தில் அம்மன் நிம்மதியாக ஊருக்குப் போய்வரலாம் போலிருக்கிறதே, அத்தான்" என்றார்.

அதுவரை கூரைக்கு அடியில் ஏறிவந்த படிகள் அதற்குப் பிறகு வெட்டவெளிக்கு வந்துவிடுகின்றன. செருப்புகள் அடிவாரத்தில், வெயில் தலைக்கு மேல், பாறை உள்ளங்காலுக்குக் கீழ். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் துளிகள் எப்படித் துள்ளுமோ அப்படி நாங்கள் ஆறு பேரும் துள்ளிக்கொண்டு போனோம். மைத்துனரின் மகள் கைக்குட்டையை விரித்து அதன்மேல் நிற்பதும், எடுத்து அடுத்த படியில் விரிப்பதுமாக வந்தாள். அந்தக் கைக்குட்டைக்கு அவள் தம்பியும் உரிமை கோரியதால் நடுவில் ஒரு வழக்கும் நடந்தது.

உச்சியில் காற்று வீசியது. வடக்கே 236 அடி உயர ராஜகோபுரமும், நூற்றுக்கணக்கான தென்னைகளும், அவற்றுக்கு நடுவே அகலமான வெள்ளைப் பட்டையொன்றும் தெரிந்தன. விபீஷணன் அரங்கனைச் சிறுவன் ஒருவனிடம் கொடுத்துவிட்டுக் காவிரியில் நீராட இறங்கிய கதையையும், அந்தச் சிறுவன் சிலையைத் தரையில் வைத்துவிட்டு இந்த உச்சிக்கு ஓடிவந்து பிள்ளையாராக உட்கார்ந்த கதையையும் தொடங்கினேன். "நீராட" என்ற சொல் வந்த உடனே பையன் அந்த வெள்ளைப் பட்டையைச் சுட்டிக்காட்டினான். நான் கதையை அத்துடன் நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் போனோம். நண்பகலில் போனதால் வண்ணத்துப்பூச்சிகளும் எங்களைப் போலவே நிழல் தேடிப் போயிருந்தன. அங்கிருந்து முக்கொம்பு. காவிரியும் கொள்ளிடமும் பிரியும் இந்த இடத்தில் ஆர்தர் காட்டன் 1830-களில் மேலணையைக் கட்டினார் என்று சொன்னேன். யாரும் அசையவில்லை. கடைசி ஆயுதமாக, 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொள்ளிடம் பக்கம் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போனதை, கையை வீசி, குரலை உயர்த்தி விவரித்தேன். நான் கை காட்டிய இடத்தில், ஆற்றின் நட்டநடு மணலில், ஒரு நாய் நான்கு கால்களையும் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. என் குரலுக்கு ஒரு காதை மட்டும் அசைத்தது.

மாலையில், மானம் போனது போகட்டும் என்று அம்மா மண்டபம் படித்துறைக்கு அழைத்துப் போனேன். படிகளை ஒட்டிக் கணுக்கால் அளவுக்கு ஒரு வாய்க்கால் போல நீர் ஓடிக்கொண்டிருந்தது. "பாசி இருக்கும், பார்த்துக் கால் வையுங்கள், என்னைப் பின்பற்றி வாருங்கள்" என்று எல்லோரையும் எச்சரித்துவிட்டு முதல் ஆளாக இறங்கினேன். அதன்பின் நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகுக்குக் கீழே குளிர்ச்சியாக ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. வேட்டி, சட்டை, சட்டைப் பையில் இருந்த பணம் எல்லாம் நனைந்திருந்தன. என் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு கை கொடுப்பதற்குள், மேல்படியிலிருந்து பையனின் குரல் படித்துறை முழுக்கக் கேட்டது.

"அப்பா, சீக்கிரம் வாங்க! மாமா ஆற்றைக் கண்டுபிடித்துவிட்டார்!"

இருட்டும் வரை பிள்ளைகள் அந்தக் கணுக்கால் நீரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். பாதத்தைக் கடித்த குட்டி மீன்களை எண்ணினார்கள், மணலில் அணை கட்டினார்கள், தண்ணீர் திறந்துவிடுவதில் தகராறும் செய்துகொண்டார்கள். பெங்களூர் தரப்புக்கும் திருச்சி தரப்புக்கும் நடுவராக இருக்கும்படி என்னைக் கேட்டார்கள், நான் மறுத்துவிட்டேன்.

அவர்கள் ஊர் திரும்பிய பிறகு, ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறந்தார்கள். சில நாள்களில் தண்ணீர் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்ததும், அதே பாலத்தில், அதே இடத்தில் நின்று, நுரையோடு ஓடும் ஆற்றை மீண்டும் ஒரு நிமிடம் படம் பிடித்து அனுப்பினேன். பையன்தான் அதைப் பார்த்திருக்கிறான். ஐந்து நிமிடத்தில் அவன் குரலிலேயே பதில் வந்தது.

"மாமா, இது போன வருஷ வீடியோதானே?"