விண்டோஸ் 10ஐ இளைக்க வைப்பது: எதை வெட்டலாம், எதைத் தொடக் கூடாது

காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு பக்கம் டிடிபி கடைகளிலும் இ-சேவை மையங்களிலும் நாங்கள் பராமரிக்கும் கணினிகள் ஏறக்குறைய ஒரே வகை: நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. விண்டோஸ் 11 இவற்றில் முறைப்படி ஏறாது. இன்டெல் என்றால் அது எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் கேட்கும். ஆகவே தேவையற்ற பின்னணி வேலைகளையும் செயலிகளையும் வெட்டி, இருப்பதை இளைக்க வைத்துத்தான் ஓட்டியாக வேண்டும்.

எதையும் வெட்டும் முன் அளந்து பாருங்கள். கணினியைப் போட்டு, எந்த மென்பொருளையும் திறக்காமல் பத்து நிமிடம் விட்டு, டாஸ்க் மேனேஜரைத் திறக்கவும். டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறதா? கோளாறு அங்கேதான். சி டிரைவில் எத்தனை ஜிபி காலியாக இருக்கிறது என்பதற்கும் வேகத்துக்கும் பெரிய உறவில்லை. பலரும் இடத்தைக் காலி செய்வதிலேயே நாளைக் கழிக்கிறார்கள். ஹார்ட் டிஸ்க்கின் ஹெட் ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் படிக்கும். பின்னணியில் மூன்று சேவைகள் அதை இழுத்தடித்தால் ஃபோட்டோஷாப் காத்துத்தான் கிடக்கும். ரிசோர்ஸ் மானிட்டரில் டிஸ்க் பகுதிக்குப் போனால், எது படிக்கிறது என்று பெயரோடு தெரியும்.

அடுத்து, முழு சிஸ்டம் இமேஜ் (டிஸ்க்கில் உள்ள விண்டோஸ் முழுவதன் நகல்) ஒன்றை வெளி டிரைவில் எடுத்து வையுங்கள். ரெஸ்டோர் பாயின்ட் மட்டும் போதாது; நீக்கிய ஸ்டோர் செயலிகளை அது ஒழுங்காகத் திருப்பித் தரும் என்று நம்ப முடியாது. யுபிஎஸ் பேட்டரி தாங்குகிறதா என்றும் பாருங்கள். சிஸ்டம் கோப்புகளை மாற்றும் நடுவில் கரண்ட் போனால், அடுத்த அப்டேட்டே ஏறாமல் போகலாம்.

எங்கள் அனுபவத்தில் அதிகம் பலன் தருவது, வேலைகளைத் தானாகக் கிளப்பிவிடும் டாஸ்க் ஷெட்யூலர். அதில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், அப்ளிகேஷன் எக்ஸ்பீரியன்ஸ் என்று இறங்கினால் காம்பேட்டிபிலிட்டி அப்ரைசர் என்ற வேலை இருக்கும். அது கிளம்பினால் டிஸ்க்கைப் பல நிமிடம் விடாது. அதை டிசேபிள் செய்யுங்கள். சர்வீசஸ் பட்டியலில் மைக்ரோசாஃப்டுக்குப் பயன்பாட்டுத் தகவல் அனுப்பும் ‘கனெக்டட் யூசர் எக்ஸ்பீரியன்சஸ் அண்ட் டெலிமெட்ரி’யையும் நிறுத்தலாம். அடிக்கடி திறக்கும் மென்பொருள்களை முன்கூட்டியே ரேமில் ஏற்றி வைக்கும் சிஸ்மெயின் சேவை விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். சில கணினிகளில் அதை நிறுத்தியதும் இழுவை நின்றுவிடும். சிலவற்றில் மென்பொருள்கள் திறக்க இன்னும் தாமதமாகும். ஒரு வேலை நாள் நிறுத்திப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தேடல் இன்டெக்ஸை முழுவதும் நிறுத்தத் தேவையில்லை. வேலைக் கோப்புகள் உள்ள ஒரே ஃபோல்டரை மட்டும் அதற்குக் காட்டினால் போதும்.

விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரை எடுத்துவிடச் சொல்லும் ஸ்கிரிப்டுகள் ஏராளம். டிடிபி கடையில் அதைச் செய்யவே கூடாது. நாள் முழுக்க வாடிக்கையாளர்களின் பென்டிரைவ் செருகப்படும் இடம் அது. ஷார்ட்கட் வைரஸ் வருவதே அந்த வழியில்தான். ஸ்கேன் நேரத்தை மதிய உணவு வேளைக்கு மாற்றுங்கள், அது போதும்.

ஸ்டோர் செயலிகளை நீக்கும்போது ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு செயலி இரண்டு இடங்களில் இருக்கிறது: இப்போதுள்ள பயனருக்கு நிறுவப்பட்ட பிரதி ஒன்று, இனி உருவாக்கப்போகும் பயனர்களுக்காக வைத்திருக்கும் மூலப் பிரதி இன்னொன்று. முதலாவதை மட்டும் நீக்கினால், புதுக் கணக்கு தொடங்கியதும் எல்லாம் திரும்பி வரும். பவர்ஷெல் என்ற கட்டளைத் திரையில் அட்மினாக நுழைந்து, மூலப் பிரதிகளின் ‘ப்ரொவிஷன்டு’ பட்டியலிலிருந்தும் எடுக்க வேண்டும். எக்ஸ்பாக்ஸ், சாலிடேர், வானிலை, மேப்ஸ், மிக்ஸ்டு ரியாலிட்டி இவையெல்லாம் போகலாம். ஸ்டோர், விசி லிப்ஸ், டாட்நெட் நேட்டிவ், யூஐ ஸாமல் என்ற பெயர் உள்ளவற்றைத் தொடாதீர்கள். மற்ற செயலிகள் அவற்றை நம்பித்தான் ஓடுகின்றன. எட்ஜ் வெப்வியூ 2வும் அப்படித்தான். ஒன்டிரைவை நீக்கும் முன், டெஸ்க்டாப் அதற்குள் மாற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மேகக் குறியோடு தெரியும் கோப்புகள் டிஸ்க்கில் இல்லை. முதலில் அவற்றை இறக்கி வேறிடத்தில் வைத்த பிறகே ஒன்டிரைவை நீக்க வேண்டும்.

இடம் உண்மையிலேயே போதாதபோதுதான், விண்டோஸ் தன் கூறுகளைச் சேமித்து வைக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டருக்குப் போக வேண்டும். எக்ஸ்ப்ளோரர் அதன் அளவை மிகையாகக் காட்டும். அதிலுள்ள பல கோப்புகள் சிஸ்டம்32 போன்ற இடங்களிலும் இருக்கும் அதே கோப்புகள்தான். ஹார்ட் லிங்க், அதாவது ஒரே கோப்புக்கு இரண்டு பெயர், என்பதால் இருமுறை எண்ணப்படுகின்றன. கையால் ஒரு கோப்பைக்கூட அழிக்காதீர்கள். விண்டோஸிலேயே உள்ள டிஸ்ம் கருவியின் அனலைஸ் கட்டளை உண்மையான அளவைச் சொல்லும், காம்பொனென்ட் க்ளீனப் கட்டளை பழையதை அகற்றும். ரீசெட்பேஸ் என்று சேர்த்தால் இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும். ஆனால் ஏற்கெனவே ஏறிய அப்டேட்டுகளை அதன்பின் திரும்ப நீக்க முடியாது. கணினியை அணைக்கும்போது ரேமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதி வைக்கும் ஹைபர்னேஷன் கோப்பு, வழக்கமாக ரேமின் அளவில் 40 சதவீதம் டிஸ்க் இடம் பிடிக்கும். அதை அடியோடு நிறுத்தினால், கணினியை வேகமாகத் தொடங்க வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் போய்விடும். ஹார்ட் டிஸ்க் கணினியில் அது தெரிந்தே வலிக்கும். ‘ரெட்யூஸ்டு’ வகைக்கு மாற்றினால் கோப்பு 20 சதவீதமாகும், ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் அப்படியே இருக்கும். ரேம் போதாதபோது கைகொடுக்கும் டிஸ்க் கோப்பான பேஜ் ஃபைலை மட்டும் தொடாமல் விட்டுவிடுங்கள். 4 ஜிபி ரேமில் அது இல்லையென்றால், நாலு டேப் திறந்ததும் பிரவுசர் சரியும்.

இணையத்தில் கிடைக்கும் ‘ஒரே கிளிக்’ ஸ்கிரிப்டுகள் நம் ஊர்க் கடைகளின் வேலையை மனதில் வைத்து எழுதப்பட்டவை அல்ல. ஸ்மார்ட் கார்டு சேவையை அவை தேவையற்றது என்று நிறுத்தும். ஆடிட்டர் அலுவலகத்தில் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் தெரியாமல் போகும், ஜிஎஸ்டி தாக்கல் நிற்கும். அச்சு வேலைகளை வரிசைப்படுத்தி அனுப்பும் பிரின்ட் ஸ்பூலரையும் நிறுத்தும். 2021இல் அதில் பெரிய ஓட்டை வெளியானபோது கொடுத்த தற்காலிக அறிவுரை அது. இன்னும் பல ஸ்கிரிப்டுகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆதார் கைரேகைக் கருவியை இணையப் பக்கத்தோடு இணைக்கும் ஆர்டி சர்வீஸ் அதே கணினியின் 11100 முதல் 11120 வரையுள்ள போர்ட்டுகளில் ஒன்றில் காத்திருக்கும். அந்தச் சேவை நின்றால், கருவி விளக்கு எரிந்தாலும் இணையப் பக்கத்துக்கு அது கண்ணில் படாது.

தமிழ் எழுத்துருவிலும் கவனம் வேண்டும். விண்டோஸ் 10இல் நிர்மலா அடிப்படையிலேயே இருக்கிறது. லதாவும் விஜயாவும் ‘தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்’ என்ற விருப்பக் கூறில் இருக்கின்றன. ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பட்டியலைச் சுத்தம் செய்கிறேன் என்று அதை எடுத்துவிட்டால், லதாவில் வடிவமைத்த பழைய அழைப்பிதழ்களில் வரிகள் இடம் மாறும்.

வேறு யாரோ முன்பே வெட்டி வைத்த விண்டோஸ் ஐஎஸ்ஓக்களை (நிறுவல் கோப்புகளை)ப் பணப் பரிமாற்றமும் கையொப்பமும் நடக்கும் கணினியில் போடாதீர்கள். உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று சோதிக்க வழியில்லை. வின்எஸ்எக்ஸ்எஸ்ஸையே அறுத்த வகைகளில் பாதுகாப்பு அப்டேட்டும் ஏறாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. தனிப்பயனருக்கான பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு 2026 அக்டோபர் 13 வரை இருக்கிறது. அதில் பதிவு செய்யுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: மேலே சொன்ன எல்லாவற்றையும்விட, 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று அதிகம் மாற்றும். கையில் காசிருந்தால் அதை முதலில் செய்யுங்கள். மேலே சொன்ன வெட்டுகளால் பின்னணி வேலை குறைவதால் ப்ராசசர் சூடும் குறையும். அக்னி நட்சத்திர நாட்களில் வேலூர் வெயிலில் அதுவே பெரிய உதவி. ஆனாலும் ஹீட் சிங்க்கில் தூசி அடைத்திருந்தால் எந்த வெட்டும் பலிக்காது.

இந்த மாற்றங்களை முடித்ததும் ஷட்டவுன் கொடுக்காமல் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருக்கும்போது ஷட்டவுன் செய்தால் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல் புதிதாகத் தொடங்காது. பிறகு பிரின்ட், ஸ்கேன், டோக்கன், கைரேகை, லதாவில் ஒரு பழைய கோப்பு என்று ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். எல்லாம் ஓடினால் இரண்டாவது இமேஜ் எடுங்கள். முதலாவதை அழிக்க வேண்டாம்.