மார்பக மறுசீரமைப்புக்குப் பின் ஏரியோலா டாட்டூ: தட்டையான தோலில் காம்பு எப்படி எழும்புகிறது

புற்றுநோய்க்காக மார்பகத்தை எடுத்தபின் இம்பிளான்ட் (தோலுக்கு உள்ளே வைக்கும் செயற்கைப் பை) வைத்தோ, அடிவயிற்றின் தோலையும் கொழுப்பையும் கொண்டுவந்து தைத்தோ மார்பை மீண்டும் அமைக்கிறார்கள். பலருக்கு அங்கே மிஞ்சுவது ஒரு மேடும் ஒரு தழும்பும் மட்டுமே. காம்பையும் அதைச் சுற்றிய கருவட்டமான ஏரியோலாவையும் ஊசியாலும் மையாலும் தோலில் வரைந்து தருவதுதான் இந்த டாட்டூ. முன்பெல்லாம் ஒரே நிறத்தில் ஒரு வட்டம் நிரப்பி அனுப்பிவிடுவார்கள். ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியதுபோல இருக்கும், நாளாக ஆக வெளிறியும் போகும். ஒளியும் நிழலும் வைத்து காம்பு எழும்பி நிற்பதாகக் காட்டும் முறையைப் பிரபலமாக்கியதில் அமெரிக்காவின் மேரிலாந்தைச் சேர்ந்த டாட்டூ கலைஞர் வின்னி மயர்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு.

அவசரப்படக் கூடாது. கடைசி அறுவை முடிந்து குறைந்தது மூன்று, நான்கு மாதம் ஆகவேண்டும். கதிர்வீச்சு எடுத்திருந்தால் ஆறு மாதம் முதல் ஒரு வருடம். தழும்பு சிவந்து தடித்திருக்கும்வரை மை சரியாகப் பிடிக்காது. அளவைச் சரிசெய்ய இன்னொரு அறுவையோ கொழுப்பு நிரப்புதலோ பாக்கியிருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள். மேடு நகர்ந்தால் வட்டமும் நகரும். மார்புப் பகுதியில் கெலாய்ட் என்ற மிகைத் தழும்பு வரும் வாய்ப்பு அதிகம், கருந்தோலில் இன்னும் அதிகம். அறுவைத் தழும்பு தன் எல்லையைத் தாண்டி வளர்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் ஊசியைத் தொடவே கூடாது.

இடம் குறிப்பதைக் கண்ணாடி முன் நிற்கவைத்து, கைகளைத் தளர்வாகத் தொங்கவிட்டுத்தான் செய்யவேண்டும். படுத்த நிலையில் குறித்தால் மார்பு அக்குள் பக்கம் சரிந்திருக்கும். எழுந்தவுடன் வட்டம் வேறெங்கோ போய் நிற்கும். 38, 40, 42, 45 மில்லிமீட்டரில் காகித வட்டங்கள் வெட்டி ஒட்டிப் பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை. பெரியவர்களுக்கு ஏரியோலா ஏறக்குறைய 4 சென்டிமீட்டர், காம்பு 1 சென்டிமீட்டர் சொச்சம். இரு பக்கக் காம்புகளும் நேராக முன்னால் பார்க்கக் கூடாது, சற்றே வெளிப்புறம் திரும்பியிருக்கவேண்டும். ஒரு மார்பு மட்டும் அறுவைக்குள்ளானது என்றால் அது இயற்கையானதைவிட உயரமாக நிற்பது வழக்கம். அளவுகோல் சொல்லும் சமம் அங்கே கண்ணுக்குக் கோணலாகத் தெரியும். உள்ளாடை போட்டும் போடாமலும் பார்த்து, அந்தப் பெண்ணே "இங்கே" என்று சொல்வதுதான் கடைசி வார்த்தை.

நிறத்தை மரப்புக் களிம்பு தடவுவதற்கு முன்பே கலந்துவிடவேண்டும். களிம்பு தோலை வெளிறச் செய்யும். பிறகு மறுபக்கத்தோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பும். ஒப்பிடுவது பகல் வெளிச்சத்தில். அறை குளிராக இருந்தால் மறுபக்க ஏரியோலா சுருங்கிக் கருத்துக் காட்டும், அதையும் நம்பவேண்டாம்.

நம் தோல் நிறத்துக்கு இங்கேதான் பெரிய சறுக்கல். 'ஏரியோலா' என்று பெயரிட்டு வரும் பல புட்டிகள் வெள்ளைத் தோலை மனத்தில் வைத்துச் செய்த ரோஸ், பீச் நிறங்கள். மை மேல்தோலுக்குக் கீழே தங்குகிறது. நாம் அதை மேல்தோலில் உள்ள மெலனின் என்ற நிறமி வழியாகத்தான் பார்க்கிறோம். ரோஸ் நிறம் ஆறியபின் சாம்பல் கலந்த ஊதாவாகத் தெரிவது அதனால்தான். செம்பழுப்பில் தொடங்கி, ஒரு சொட்டு ஆரஞ்சு சேர்த்து நிறத்துக்கு வெதுவெதுப்பான சாயல் கொடுங்கள். தனிக் கருப்பு வேண்டாம், தோலுக்குள் நீலம் பாயும். பளபளப்பு காட்டவும் தனி வெள்ளை வேண்டாம். அடிநிறத்தையே காவியால் வெளுப்பாக்கினால் போதும். வெள்ளையில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு பின்னாளில் லேசர் பட்டால் கருத்துவிடும் என்பது இன்னொரு காரணம். ஆறும்போது நிறம் இறங்கும், ஆகவே தேவையைவிட ஒரு படி அழுத்தமாக வையுங்கள்.

மையை நீர்க்கச் செய்ய ஸ்டெரைல் நீர் மட்டுமே. 2011-இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் முன்கூட்டியே கலந்து விற்கப்பட்ட சாம்பல் மையால் 19 பேருக்கு மைக்கோபாக்டீரியம் என்ற கிருமியின் தொற்று வந்தது. அதே தொற்று இம்பிளான்ட்டுக்கு மேலே வந்தால் இம்பிளான்ட்டையே எடுக்க நேரலாம்.

குத்தும்போது முதலில் ஓரம். கோடு போடவே கூடாது. அங்கங்கே விட்டுவிட்டுப் புள்ளிகளாகத் தோலில் கரையவேண்டும். அடுத்து வளைந்த மேக்னம் ஊசியால் (பல ஊசிகளை அடுக்கி நிறம் நிரப்ப வைத்தது) அடிநிறம், திட்டுத்திட்டாக, இடையே தோல் தெரியும்படி. பிறகு காம்பு. வெளிச்சம் மேலிருந்து வருவதாக வைத்துக்கொண்டு காம்பின் கீழ்விளிம்பில் அழுத்தமான பிறை, அதற்கும் கீழே ஏரியோலாமேல் விழும் மெல்லிய நிழல், மேல்பக்கம் வெளுப்பு. இரண்டு மார்பிலும் வெளிச்சம் ஒரே திசையில் வரவேண்டும். இதைக்கூடத் தவறவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கடைசியாக மூன்றூசி லைனரால் (மெல்லிய கோடு போடும் ஊசி) காம்பு நுனியின் சுருக்கங்கள், பின் ஏரியோலாவில் சிறு மேடுகளாகத் தெரியும் மான்ட்கோமரி சுரப்பிகள்: ஒழுங்கில்லாமல் பத்துப் பன்னிரண்டு, ஒவ்வொன்றும் ஓரிரு மில்லிமீட்டர், மேலே வெளுப்பு, கீழே நிழல். வரிசையாக வைத்தால் பொத்தான் ஆகிவிடும். தோல்மடிப்பால் காம்பு ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தால் விழும் நிழலைக் குறைத்துக்கொள்ளுங்கள், நிஜ நிழலே அங்கே விழும். ஆனால் கட்டிய காம்பு நாளடைவில் உயரத்தில் பாதிக்குமேல் இழந்துவிடும் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

மிக ஆபத்தான விஷயம் வலியின்மை. மார்பகத்தை எடுத்தபின் அந்தத் தோலில் உணர்ச்சி பெரும்பாலும் இருக்காது. "போதும், எரிகிறது" என்று சொல்ல யாருமில்லாததால் கை அழுந்திக்கொண்டே போகும். இம்பிளான்ட்டுக்கு மேல் தோல் சில இடங்களில் மிக மெலிதாக இருக்கும். வழக்கமான ஆழம் அங்கே அதிக ஆழம். தோல்தான் சொல்லவேண்டும்: ஊசிமுனை அளவு ரத்தம் துளிர்த்தாலோ ஈரப் பளபளப்பு வந்தாலோ நிறுத்திவிடுங்கள். கடினத் தழும்பு மையைத் துப்பும், மென்தழும்பில் மை பரவிக் கலங்கும். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான்: லேசாகக் குத்தி, ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து இரண்டாம் அமர்வில் நிரப்புவது.

முடித்தபின் ஒளிபுகும் ஒட்டுப்படலம் சில நாள், தளர்ந்த பருத்தி உள்ளாடை, இரண்டு மூன்று வாரம் நீச்சல் கிடையாது, பொருக்கைக் கிள்ளக் கூடாது. லேசான சிவப்பு வழக்கம்தான். சிவப்பு பரவினாலோ, சூடும் வீக்கமும் காய்ச்சலும் வந்தாலோ டாட்டூ கலைஞருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக் காத்திருக்காமல் அன்றே அறுவை மருத்துவரிடம் போகவேண்டும். எம்ஆர்ஐ எடுக்கும்போது டாட்டூ இருப்பதை டெக்னீஷியனிடம் சொல்லுங்கள். இரும்பு ஆக்சைடு மை அரிதாக எரிச்சல் தரும்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒன்று: மார்பக நீக்கத்துக்குப் பணம் தரும் காப்பீடு மறுசீரமைப்பின் எல்லாக் கட்டங்களுக்கும் தரவேண்டும் என்று 1998-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. டாட்டூவைப் பரப்பளவை வைத்து பில் போடுகிறார்கள். 6 சதுர சென்டிமீட்டர் வரை ஒரு குறியீடு, அதற்குமேல் 20 வரை வேறொன்று. 4 சென்டிமீட்டர் வட்டம் ஏறக்குறைய 12.6 சதுர சென்டிமீட்டர், ஆகவே இரண்டாவதில் வரும்.

கலைஞரைத் தேடும்போது அன்றைக்கே எடுத்த பளபளப்பான படங்களைப் பார்த்து மயங்கவேண்டாம். ஆறு மாதம் கழிந்த படம், உங்கள் நிறத்தோலில், தழும்பின் மேல் செய்தது என்று குறிப்பாகக் கேளுங்கள். காட்டமுடியாதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.