முதியோர் இல்லத்தில் வயிற்றோட்டம்: மாரிக்காலத்தில் நாங்கள் செய்தவை

மட்டக்களப்பில் மாரி இறங்கினால் கிணறுகளில் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்துக்கு வந்துவிடும். மலசலகூடக் குழியும் அதே மண்ணில்தான் இருக்கிறது. எங்கள் இல்லத்தில் வயிற்றோட்டமும் வாந்தியும் பரவியது அந்தக் காலத்தில்தான். அதை அடக்க என்ன செய்தோம், எது சறுக்கியது என்பதை இதே வேலையில் இருக்கிறவர்களுக்காக எழுதுகிறோம்.

இரண்டு நாளுக்குள் இரண்டு பேருக்கு ஒரே மாதிரி வந்தால் "இரவுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்று தள்ளிவிடக்கூடாது. பரவல் என்றே எடுத்துக்கொள்ளவேண்டும். ஒரு கொப்பியில் கோடு போட்டு, பெயர், கட்டில், தொடங்கிய நேரம், வாந்தியா வயிற்றோட்டமா, இரத்தம் போகிறதா, காய்ச்சல் உண்டா, முதல்நாள் என்ன சாப்பிட்டார் என்று எழுதத் தொடங்கினோம். எல்லோரும் ஒரே நேரத்தில் விழுந்தால் சாப்பாட்டையோ தண்ணீரையோ சந்தேகிக்கலாம். நாளுக்கு ஒருவர் இருவராக விழுந்தால் கைவழியாகப் பரவுகிறது. இரத்தமும் காய்ச்சலும் சேர்ந்தால் வயிற்றுளைவு. வைத்தியர் எச் 544 படிவத்தில் அறிவிக்கவேண்டிய நோய் அது.

பீ.எச்.ஐ.க்கும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்துக்கும் அன்றைக்கே சொல்லிவிடுவது நல்லது. பேர் கெட்டுவிடும், அன்னதானம் தருகிறவர்கள் நின்றுவிடுவார்கள் என்று பல இல்லங்கள் மறைக்கின்றன. மறைக்கிற அந்த மூன்று நாளில்தான் மூன்று பேர் பத்துப் பேர் ஆவது.

மருந்தைவிட முக்கியமானது கைகளைப் பிரிப்பது. குசினியில் நிற்கிறவர் மலசலகூடப் பக்கம் போகக்கூடாது. நோயாளியைக் கழுவுகிறவர் சோறு பரிமாறக்கூடாது. ஆள் குறைந்த இல்லத்தில் இதுதான் பெரிய சிக்கல். இரண்டே பேர் இருக்கும் நாளில் வேலையின் ஒழுங்கை மாற்றினோம்: முதலில் குசினி, பிறகு சுகமாக இருப்பவர்கள், கடைசியில் நோயாளிகள், அதன்பின் குளித்து உடுப்பு மாற்றல். அறைக் கதவிலேயே ஒரு ஏப்ரன் தொங்கும், அது வெளியே வராது. வயிறு குழம்பிய ஊழியருக்கு, எல்லாம் நின்று 48 மணித்தியாலம் கழியும்வரை லீவு. சம்பளத்தை வெட்டினால் ஒருவரும் உண்மை சொல்லமாட்டார்கள். நாட்கூலிக்கு வருகிற பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோறு போட்டுக் கொடுக்கும்.

நோயாளிகளைக் கடைசி அறைக்கு மாற்றி, அவர்களுக்கென ஒரு மலசலகூடத்தை ஒதுக்கினோம். எழும்ப முடியாதவர்களுக்கு ஆளுக்கொரு கொமேட்.

குளோரின் கரைசலில்தான் அதிகம் பிழைக்கிறார்கள். ரி.சி.எல். தூளில் (கிணற்றுக்குப் போடுகிற குளோரின் தூள்) மூன்றில் ஒரு பங்குதான் குளோரின். தரை, கட்டில் சட்டம், கதவுப்பிடி துடைக்க 0.1 வீதக் கரைசல் வேண்டும்: 10 லீற்றர் தண்ணீருக்கு 30 கிராம் தூள். வாந்தி, மலம் கிடந்த இடத்துக்கு 0.5 வீதம்: 1 லீற்றருக்கு 15 கிராம். ஒருதடவை தராசில் நிறுத்துப் பார்த்து, எத்தனை கரண்டி என்று டப்பா மூடியில் எழுதிவிட்டால் பிறகு தராசு தேவையில்லை. தூளைக் கொஞ்சத் தண்ணீரில் குழைத்து, மிச்சத் தண்ணீரில் கரைத்து, அரை மணித்தியாலம் அடைய விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் பிளாஸ்ரிக் வாளியில் ஊற்றவேண்டும். வெளி விறாந்தையில், கையுறையோடு. நாளுக்கொருமுறை புதிதாகக் கரைக்கவேண்டும். வெயில் பட்ட கரைசல் சத்தில்லாமல் போகும். மலசலகூடம் கழுவுகிற அசிட்டோடு ஒருநாளும் கலக்கக்கூடாது, நச்சுவாயு கிளம்பும். அழுக்கின்மேல் ஊற்றினாலும் பிரயோசனமில்லை, அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். முதலில் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, பிறகு கரைசலைப் பூசி, 10 நிமிடம் ஈரமாகவே விடவேண்டும். பூசின கையோடு துடைத்துவிடுவதுதான் வழமையான பிழை.

ஒருவர் வாந்தி எடுத்தால் முதல் வேலை ஃபேனை நிற்பாட்டுவது. காற்றில் பறக்கிற துளிகள் பக்கத்துக் கட்டிலுக்குப் போகும். ஆட்களை விலக்கி, யன்னலைத் திறந்து, முகக்கவசமும் கையுறையும் போட்டு, பழைய பத்திரிகைத் தாளால் மூடவேண்டும். தாளின்மேல் 0.5 வீதக் கரைசலை ஓரத்திலிருந்து நடுவுக்கு மெதுவாக ஊற்றி, 10 நிமிடம் பொறுத்து, இரண்டு மட்டைத் துண்டால் அள்ளிப் பையில் கட்டிவிடலாம். பிறகு அந்த இடத்தையும் சுற்றி இரண்டு மீற்றர் தூரத்தையும், கட்டில் காலும் சுவர் அடியும் சேர்த்து, மேலே சொன்னபடி கழுவிக் கரைசலால் துடைக்கவேண்டும். விளக்குமாற்றால் கூட்டினால் வீடு முழுக்கப் பரப்பியதாகத்தான் முடியும்.

துணியை உதறக்கூடாது. அழுக்கை உள்ளே வைத்துச் சுருட்டி, நேரே கிடாரத்தில் போட்டு அவித்து வெயிலில் காயப்போட்டோம்.

கை கழுவலில் ஒரு பொறி உண்டு: மலசலகூடத்து வாளியும் கோப்பையும். எல்லோரும் அழுக்குக் கையால் பிடிக்கிறது அந்தக் கோப்பைப் பிடியைத்தான். அதோடு பைப் திருகு. நாளுக்கு நாலுதரம் இந்த இரண்டையும் 0.1 வீதக் கரைசலால் துடைத்தோம். கை கழுவுமிடத்தில் அடியில் பைப் பூட்டிய வாளி வைத்தால் கோப்பையால் மொள்ளத் தேவையில்லை. சனிடைசரை நம்பவேண்டாம். வாந்தி வயிற்றோட்ட வைரசுகளில் சிலதுக்கு அது சரியாக வேலை செய்யாது. சவர்க்காரமும் ஓடுகிற தண்ணீரும் 20 செக்கனும் வேண்டும்.

வயதானவர்களுக்குத் தாகம் தெரிவது குறைவு. நாக்கு வறண்டு, சலம் குறைந்து, திடீரென்று பிதற்றத் தொடங்கினால் அது வயதின் தடுமாற்றமல்ல, நீரிழப்பு. ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கிற உப்புச் சீனித் தூள்) பக்கட்டைக் கொதித்து ஆறிய தண்ணீரில், அதில் எழுதிய அளவுக்குச் சரியாகக் கரைத்து, நிமிடத்துக்கு ஒரு கரண்டியாகக் கொடுத்தோம். மடமடவென்று குடிக்கக் கொடுத்தால் திரும்ப வாந்தி. "உந்த உப்புத் தண்ணி வேணாம் மனே, பிளேன்ரீ தா" என்று அடம்பிடிக்கிறவருக்கு இடையிடையே உப்புப் போட்ட சோற்றுக் கஞ்சி. சீனி கூடின பிளேன்ரீ வயிற்றோட்டத்தைக் கூட்டும். சிறுநீரக நோயாளிக்கு இளநீரும், இருதய நோயாளிக்கு அளவுக்கு மேல் தண்ணீரும் கேடு. அதை வைத்தியரிடம் கேட்கவேண்டும். சலம் போகிற மாத்திரை, பிறஷர் மாத்திரை, சீனி வருத்த மாத்திரை குடிப்பவர்களின் பட்டியலை முதல் நாளே வைத்தியரிடம் காட்டினோம். நிறுத்துவதா தொடர்வதா என்பது அவர் முடிவு. வயிற்றோட்டத்தைக் கட்டுகிற மாத்திரையைக் கடையில் வாங்கிக் கொடுக்கவேகூடாது. எழுப்ப முடியாத மயக்கம், ஆறேழு மணித்தியாலம் சலமில்லாமை, இரத்தம் என்றால் 1990க்கு அடித்து அம்புலன்ஸ்.

உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பைப்பில் வந்தாலும், நின்றுபோகிற நாளில் கைபோவது கிணற்றுக்கே. கிணற்றின் விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, நீரின் ஆழத்தாலும் 0.785 ஆலும் பெருக்கினால் கனமீற்றர் கிடைக்கும் (ஒரு கனமீற்றர் 1000 லீற்றர்). ஒன்றரை மீற்றர் விட்டம், இரண்டு மீற்றர் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 3500 லீற்றர். சாதாரண நாளில் 1000 லீற்றருக்கு 2.5 கிராம் தூள், அதாவது 9 கிராமளவு போதும். வெள்ளம் உள்ளே போன அதே அளவுக் கிணற்றுக்கு 200 கிராமுக்குக் கொஞ்சம் மேலே போட்டு, ஓர் இரவு விட்டு, மணம் குறையும்வரை இறைத்துத் தள்ளவேண்டும். கலங்கலாக இருந்தால் முதலில் இறைக்கவேண்டும், ஆனால் அவசரப்படாமல். வெளியே நிலநீர் உயர்ந்திருக்க மணற்கிணற்றை மோட்டர் போட்டு வற்றவைத்தால் கிணற்று வளையம் சரியும். வாவிக் கரையிலென்றால் உப்பு ஏறும். எதுவானாலும் குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்தோம்.

அன்னதானம் பற்றிக் கதைப்பது சங்கடமானது. திவசத்துக்கும் பிறந்தநாளுக்கும் அன்போடு கொண்டுவருகிறார்கள். விடியச் சமைத்த பால்கறியும் பச்சைத் தேங்காய்ச் சம்பலும் மதியம்வரை வாகனத்தில் கிடந்தால் ஆபத்துத்தான். சமைத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் பரிமாறவேண்டும். பரவல் நேரத்தில் அரிசி, பருப்பு, சவர்க்காரம், ஜீவனி என்று கேட்டு வாங்கினோம், ஒருவரும் கோபிக்கவில்லை. சட்டித் தயிரையும் அப்போது நிறுத்தியதில் ஐயாமாருக்குத்தான் மனவருத்தம். மற்ற நாளில் ஒவ்வொரு கறியிலும் ஒரு கரண்டியை மூடிய போத்தலில் போட்டு, திகதி எழுதி, 72 மணித்தியாலம் பிரிட்ஜில் வைக்கிறோம். பிரச்சினை வந்தால் பீ.எச்.ஐ. முதலில் கேட்பது அதைத்தான்.

கடைசி ஆளுக்கு எல்லாம் நின்று 48 மணித்தியாலம் கழிந்தபின்தான் அறையைத் திறந்தோம். திரைச்சீலை கழற்றித் தோய்த்து, மெத்தை உறை இரு பக்கமும் துடைத்து, கிழிந்த உறையுள்ள மெத்தையை வெளியே எடுத்தோம். சுகமானவரின் மலத்தில் கிருமி இன்னும் இரண்டு கிழமைவரை போகலாம். அதனால் கோப்பைப் பிடியும் பைப் திருகும் துடைப்பதை அதுவரை விடவில்லை.