பச்சை ஸ்டாம்ப், சிவப்பு ஸ்டாம்ப்

எல்லாம் ஒரு பாட்டிலில் ஆரம்பித்தது. வர்ஜீனியாவில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் வீட்டைக் காலி செய்தபோது, அடித்தளத்தில் கிடந்ததாகச் சொல்லி, தூசி படிந்த ஒரு பாட்டிலை என் கையில் வைத்துவிட்டுப் போனார். 'ஓல்ட் ஓவர்ஹோல்ட்', ரை விஸ்கி. லேபிளில் ஒரு கிழவர் முறைத்துக்கொண்டிருந்தார், வட்டி கேட்டு வந்தவர் மாதிரி.

ரை என்பது நம் ஊர்க் கம்பு அல்ல. சில அகராதிகள் அப்படி எழுதிவிட்டன. கோதுமைக்கு நெருங்கிய சொந்தம், குளிரையும் ஏழை மண்ணையும் தாங்கும் தானியம். ஊறலில் இது 51 சதவீதமாவது இருந்து, உட்புறம் கரித்த புது ஓக் பீப்பாயில் ஊறினால்தான் அமெரிக்கச் சட்டப்படி ரை விஸ்கி. மக்காச்சோளம் போடும் போர்பன் விஸ்கியில் ஓர் இனிப்பு உண்டு. ரையில் மிளகுக் காரம்.

லேபிள் கிழவர் யாரென்று தேடியதில் ஆபிரகாம் ஓவர்ஹோல்ட் என்று தெரிந்தது. ஊர் பென்சில்வேனியாவில் வெஸ்ட் ஓவர்டன். அக்டோபரில் பிட்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குப் போகும் வேலை இருந்தது. திரும்பும்போது நியூ ஸ்டான்டனில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் கொஞ்ச தூரம்தான்.

"ஏங்க, பெருமாளைச் சேவிச்சிட்டு நேரா சாராய ஆலைக்கா?" என்றாள் மனைவி. மடியில் கோயில் புளியோதரைப் பொட்டலம்.

"மியூசியம்மா. பழைய ஊரு."

பொய்யில்லை. வெஸ்ட் ஓவர்டன் இப்போது ஒரு கிராம அருங்காட்சியகம். ஓவர்ஹோல்ட் குடும்பத்தினர் மென்னனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். 1810 வாக்கில் பண்ணையோடு சேர்த்துச் சிறு அளவில் காய்ச்சத் தொடங்கியிருக்கிறார்கள். அப்போது அந்தப் பக்கத்தில் சாராயம் காய்ச்சாத பண்ணைதான் அதிசயம். காரணம் குடிவெறி அல்ல, போக்குவரத்துச் செலவு. மலை தாண்டிக் கிழக்குச் சந்தைக்குப் போக ஒரு குதிரை நாலு புஷல் தானியம்தான் சுமக்குமாம். அதையே வடித்துவிட்டால் 24 புஷல் தானியத்தை அதே குதிரை தூக்கிவிடும். பக்கத்தில் ஓடும் மொனங்கஹீலா ஆற்றின் பெயரே அந்த விஸ்கிக்கு நிலைத்துவிட்டது. ரையும் முளைகட்டிய பார்லியும் மட்டும், மக்காச்சோளம் கிடையாது. அதுதான் மொனங்கஹீலா பாணி.

ஆபிரகாமின் பேரன் ஹென்றி கிளே ஃப்ரிக் 1849-இல் இங்கேதான் பிறந்தார், ஊற்றுக்கு மேலே கட்டிய ஒரு சின்னக் கல்வீட்டில். பிறகு கல்கரி விற்று, கார்னகியின் எஃகு ஆலைகளுக்கு எரிபொருள் கொடுத்துப் பெரும் கோடீஸ்வரரானார். தாத்தாவின் விஸ்கியில் இருந்த பங்கை மட்டும் விடவில்லை. அவருடைய நண்பர் ஆண்ட்ரூ மெல்லனுக்கும் அதில் பங்கு. மதுவிலக்குக் காலத்தில், 1921-இல், இந்த மெல்லன்தான் நாட்டின் நிதியமைச்சர் ஆனார். மதுவிலக்கை அமல்படுத்தும் பொறுப்பும் அந்தத் துறையிடமே இருந்தது. நம்ம ஊர் அரசியல் பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, ஆனாலும் சிரித்துவிட்டேன்.

மதுவிலக்கிலும் விஸ்கி ஒரேயடியாக ஒழிந்துவிடவில்லை. 'மருந்து' ஆனது. மருத்துவர் சீட்டு எழுதினால் மருந்துக்கடையில் ஒரு பைன்ட், கிட்டத்தட்ட அரை லிட்டர், வாங்கலாம். சேகரிப்பவர்கள் வலைவீசித் தேடுவது இந்த பைன்ட் பாட்டில்களைத்தான்.

அருங்காட்சியகத்தில் சுற்றிக்காட்டிய அம்மையாரிடம் கைபேசியில் என் பாட்டிலின் படத்தைக் காட்டினேன். அவர் லேபிளைப் பார்க்கவே இல்லை. படத்தைப் பெரிதாக்கி மூடிமேல் ஒட்டிய காகிதப் பட்டையைத்தான் பார்த்தார். "சிவப்பு ஸ்டாம்ப்" என்றார், கொஞ்சம் அனுதாபத்தோடு.

1897-இல் ஒரு சட்டம் வந்தது. ஒரே ஆலையில், ஒரே பருவத்தில் வடித்து, அரசுப் பூட்டு போட்ட கிடங்கில் நாலு ஆண்டாவது வைத்து, 50 சதவீத ஆல்கஹாலில் அடைத்தால் 'பாட்டில்ட் இன் பாண்ட்' என்று போட்டுக்கொள்ளலாம். அதற்கு அந்தக் காலத்தில் பச்சை ஸ்டாம்ப். எந்த ஆண்டு வசந்தத்திலோ இலையுதிர் காலத்திலோ வடித்தது, எப்போது அடைத்தது என்று அதிலேயே அச்சடித்திருக்கும். கிட்டத்தட்ட ஜாதகம். மற்ற சரக்குக்குச் சிவப்பு, அதில் ஜாதகம் கிடையாது.

அப்புறம் என் பாட்டிலுக்கு எப்படி வயது கண்டுபிடிப்பது? அந்த அம்மையார் கண்ணாடியைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார். 'இந்த பாட்டிலை மறுபடி விற்பதும் பயன்படுத்துவதும் கூட்டரசுச் சட்டப்படி குற்றம்' என்ற வாசகம் 1935 முதல் 1964 வரை கண்ணாடியிலேயே வார்க்கப்பட்டிருக்கும். என்னுடையதில் இல்லை. அளவு மில்லிலிட்டரில் இல்லாமல் 'ஐந்தில் நாலு குவார்ட்' என்று இருந்தது, அதாவது 1980-க்கு முன். ஆக எழுபதுகளின் சுற்றுவட்டாரம். மனக்கோட்டை அங்கேயே இடிந்தது.

இதில் ஒன்று சொல்லவேண்டும். விஸ்கி பீப்பாயில்தான் முதிரும், பாட்டிலில் அல்ல. ஐம்பது வருடம் வைத்திருந்தாலும் அடைத்த அன்று இருந்த வயதுதான். பின்னே எதற்கு இத்தனை அடிதடி? அந்தக் காலத்து ஊரே இப்போது பாட்டிலில் மட்டும்தான் இருக்கிறது என்பதால் என்று நினைக்கிறேன். மதுவிலக்கு 1933-இல் முடிந்தும் பென்சில்வேனியா ரை எழுந்திருக்கவில்லை. நாட்டின் நாக்கு லேசான விஸ்கிக்கும், அப்புறம் வோட்காவுக்கும் மாறிவிட்டது. ஓல்ட் ஓவர்ஹோல்ட் 1987 முதல் ஜிம் பீம் நிறுவனத்தின் கையில் இருக்கிறது, காய்ச்சுவது கென்டக்கியில். ஷேஃபர்ஸ்டவுனில் 18-ஆம் நூற்றாண்டிலிருந்து ஓடிய மிக்டர்ஸ் ஆலையும் 1990-இல் மூடப்பட்டது.

யாரும் சீண்டாததால்தான் சில பீப்பாய்கள் இருபது வருடத்துக்கு மேல் கிடங்கில் கிடந்தன. 1984-இல் வடித்த அப்படி நாலு பீப்பாயை ப்ரூக்ளினில் ரெட் ஹூக் பகுதிக் கடை ஒன்று வாங்கி, பாட்டில் சுமார் 75 டாலருக்கு விற்றது. இன்று அந்த 'ரெட் ஹூக் ரை' ஏலத்துக்கு வந்தால் விலை பல ஆயிரம் டாலர்.

பக்கத்து ஊர் ஸ்காட்டேலில் நடந்த கதை இதைவிடச் சுவை. பழைய மாளிகை ஒன்றைப் புதுப்பித்தபோது, மதுவிலக்குக்கு முன் வெஸ்ட் ஓவர்டனில் வடித்த ரை பெட்டி பெட்டியாகக் கிடைத்தது. சில காலம் கழித்துப் பார்த்தால் 52 பாட்டில் காலி. மதிப்பு ஒரு லட்சம் டாலருக்கு மேல். வீட்டைப் பார்த்துக்கொண்டவர் மீது வழக்கு பதிவானது. விசாரணைக்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். போலீஸ் கேட்டபோது அவர் சொன்ன பதில்: ஆவியாகியிருக்கும்.

திரும்பும் வழியில் பெட்ஃபோர்டில் காபிக்கு நிறுத்தினோம். 1791-இல் போட்ட சாராயக் கலால் வரியை எதிர்த்து இந்த மலைப்பக்கத்து விவசாயிகள் கிளம்பினார்கள். வரி வசூலித்தவர்களுக்குத் தார் பூசி இறகு ஒட்டினார்கள். 1794-இல் அவர்களை அடக்கப் படையோடு வந்த ஜனாதிபதி வாஷிங்டன் தங்கிய கல்வீடு இங்கே இன்னும் நிற்கிறது. அவரே மூன்று வருடம் கழித்துத் தன் பண்ணையான மவுன்ட் வெர்னனில், சாராயம் வடிக்கும் ஐந்து செப்பு வாலைகளோடு ஆலை வைத்தார். ஊறலில் 60 சதவீதம் ரை. வேலை செய்தவர்களில் ஆறு பேர் அடிமைகள். 1799-இல் வடித்தது ஏறக்குறைய 11,000 கேலன். எரிந்துபோன அந்த ஆலையை 2007-இல் திரும்பக் கட்டித் திறந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம். இத்தனை வருடம் போகாமல் இருந்தது என் சோம்பல்.

வீட்டுக்கு வந்ததும், ஜாதகம் இல்லாத பாட்டிலை எதற்குப் பூட்டி வைப்பது என்று மூடியைத் திருகினேன். முதலில் பழைய மர அலமாரி வாசம், பிறகு மிளகும் சோம்பும், கடைசியில் கருப்பட்டி மாதிரி ஒரு கசப்பு. அருமை என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் அன்றிரவு முழுக்க நாக்கில் இருந்தது. பாட்டிலின் பின்பக்கம் பென்சிலால் அளவுக்கோடு ஒன்று போட்டு வைத்தேன்.

போன வாரம் அலமாரியைத் துடைத்த மனைவி கோட்டைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள். "ரெண்டு விரக்கடை இறங்கியிருக்கே?"

"ஆவியாகியிருக்கும்" என்றேன்.