தேய்ந்த ரோமானியச் செப்புக் காசு: முகத்தைக் கடைசியில் பாருங்கள்

ரோமானியக் காசு கையில் கிடைத்ததும் கண் நேராக முகத்துக்குத்தான் போகும். நான்காம் நூற்றாண்டுச் சின்னச் செப்புக் காசில் அது வீண் வேலை. பேரரசர் கான்ஸ்டன்டைனும் அவருடைய மகன்களும் அச்சில் ஏறக்குறைய ஒரே முகம். மூக்கை வைத்துப் பெயர் சொன்னால் தப்பாகத்தான் போகும். பின்பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

அதற்கு முன் ஒன்று: பித்தளைச் சொம்பு துலக்குவதுபோல் புளி, எலுமிச்சை போட்டுவிடாதீர்கள். மிச்சமிருக்கும் எழுத்தின் விளிம்பு பெரும்பாலும் அந்தப் பச்சை, கறுப்புப் படலத்தில்தான் இருக்கிறது. படலம் கரைந்தால் எழுத்தும் போச்சு. காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை மாற்றிக்கொண்டே இருந்து, மண் இளகியதும் மூங்கில் பல்குச்சியால் தள்ளினால் போதும். ஊசி பட்ட கீறல், பிறகு எழுத்துபோலத் தெரிந்து ஆளையே ஏமாற்றும்.

இப்போது மேசையில் இருக்கும் காசு 16 மி.மீ. விட்டம், 1.6 கிராம். நகைத் தராசும் வெர்னியரும் 10 மடங்கு லென்ஸும் இருந்தால் வேலை நடக்கும். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்துக் காசை மெல்லச் சுழற்ற வேண்டும். நேர் வெளிச்சத்தில் வெறும் தகடாக இருந்தது, ஒரு கோணத்தில் திடீரென்று எழுத்தாகும்.

பின்பக்கத்தில் எதிரெதிரே இரண்டு வீரர்கள். 'குளோரியா எக்ஸர்சிடஸ்', அதாவது படையின் பெருமை என்ற வகை. எண்ண வேண்டியது நடுவிலுள்ள படைக்கொடிகளை. இரண்டு கொடி என்றால் 330 முதல் 335 வரை, எடை சுமார் இரண்டரை கிராம். 335 வாக்கில் எடையைக் குறைத்தபோது கொடியும் ஒன்றாயிற்று. வீரர்களின் ஈட்டியைக் கொடி என்று எண்ணிவிடுவது வழக்கமான பிழை. ஈட்டிகள் வெளிப்பக்கம் நிற்கும், கொடி இருவருக்கும் நடுவில் மட்டுமே வரும். இதில் ஒரே கொடி, எடையும் ஒத்துப்போகிறது.

அடிக்கோட்டுக்குக் கீழே எஸ், எம், பிறகு ஒரு சந்தேக எழுத்து. அது கே என்றால் சிசிகஸ், எச் என்றால் ஹெராக்லியா, என் என்றால் நிகோமீடியா நாணயச்சாலை. தேய்ந்தபின் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். செங்குத்துக் கோட்டை எண்ணுங்கள்: எச், என் இரண்டுக்கும் இரண்டு கோடு, கே-க்கு ஒன்றுதான். இங்கே ஒன்று. சிசிகஸ். கடைசி எழுத்து பட்டறையின் எண், கிரேக்க எழுத்தில் இருக்கும். தெரியாவிட்டால் கேள்விக்குறி போட்டுவிட்டு நகரலாம்.

இனி முன்பக்கம். வாசகம் இடது கீழே, தோளருகில் தொடங்கி கடிகாரச் சுற்றில் ஓடும். 'கான்ஸ்டான்டி' வரை தெரிகிறது, அடுத்தது மங்கல். அங்கே என் இருந்தால் கான்ஸ்டான்டினஸ் (கான்ஸ்டன்டைனின் லத்தீன் வடிவம்), வி இருந்தால் கான்ஸ்டான்டியஸ் (காசில் 'யு'வையும் வி-யாகவே எழுதுவார்கள்). என் தேயும்போது குறுக்குக்கோடுதான் முதலில் போகும். இரண்டு குச்சிகள் மட்டும் நிற்கும். வி-யின் கால்கள் கீழே கூடும். இங்கே நிற்பவை இரண்டு குச்சிகள். இன்னொரு சாட்சியும் உண்டு: மகன் கான்ஸ்டான்டியஸ் சீசராக, அதாவது இளைய ஆட்சியாளராக, இருந்தபோது அவர் பெயருக்கு முன் 'எஃப்எல் ஐவிஎல்' (ஃபிளேவியஸ் ஜூலியஸ்) வரும். இதில் பெயர் தோளிலிருந்தே தொடங்குகிறது.

ஆக அப்பாவா, அதே பெயர் கொண்ட மகனா? இப்போதுதான் தலைக்கு வேலை. அப்பாவுக்குப் பட்டை வைத்த மணிமுடி, சீசர்களுக்குப் பெரும்பாலும் இலை மாலை. லென்ஸில் இலைகள் தெரிகின்றன. வலது ஓரத்தில் 'நோப் சி', அதாவது சீசர் பட்டத்தின் சுருக்கம், அதன் மிச்சமும் இருக்கிறது. இரண்டாம் கான்ஸ்டன்டைன், சீசர். மகன்கள் 337 செப்டம்பரில் அகஸ்டஸ், அதாவது முழுப் பேரரசர், ஆனார்கள் என்பதால் காசின் காலம் 335–337.

இவ்வளவும் எழுதிக்கொண்ட பிறகே 'ரோமன் இம்பீரியல் காயினேஜ்' என்ற காசுப் பட்டியல் நூலின் ஏழாம் தொகுதியைத் திறக்க வேண்டும். 313 முதல் 337 வரை அதில் இருக்கிறது. முதலிலேயே படங்களைப் புரட்டினால், பார்த்த படத்தையே காசில் காண ஆரம்பித்துவிடுவோம்.

இரண்டாம் நூற்றாண்டு வெள்ளிக் காசு பல சமயம் இதைவிடச் சுலபம். 'டிஆர் பி' (பேரரசர் ஆண்டுதோறும் புதுப்பித்த ட்ரிப்யூன் அதிகாரம்) என்பதற்குப் பின் எண் இருந்தால் அதுவே ஆண்டைச் சொல்லிவிடும். பேரரசர் ஹேட்ரியன் ஒரு விதிவிலக்கு: 'காஸ் III' (மூன்றாம் முறை கான்சல்) என்று 119 முதல் 138 வரை அப்படியே ஓட்டினார்.

இலங்கையில் கிடைப்பவற்றில் எடையும் உருவமும் பொருந்தி, எழுத்து மட்டும் வெறும் கோடுகளாக இருந்தால், கண்ணைக் குறை சொல்லாதீர்கள். ரோமானியக் காசைப் பார்த்து அங்கேயே அடித்த போலிகளும் உண்டு.