கத்தரித்துக் கொடுத்த ஐந்து மாத்திரை

டாக்டர் கேட்ட முதல் கேள்விக்கே பதில் இல்லை. என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், மாதவிலக்கின் எந்த நாளில் ஆரம்பித்தது? என் நாத்தனாருக்கு மெடிக்கலில் அட்டையைக் கத்தரித்து ஐந்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். பில் கிடையாது. பெயர் அச்சடித்த பக்கம் கடையிலேயே தங்கிவிட்டது. திரும்பப் போய்க் கேட்டால், ‘நான் கொடுக்கவே இல்லையே’ என்றார் கடைக்காரர். தெருவில் இதே மாத்திரையைச் சிபாரிசு செய்த அக்கா வீட்டுக் குப்பையில் பழைய அட்டை கிடைத்ததால் தப்பித்தோம்: குளோமிஃபின் 50 மி.கி., குழந்தை வேண்டுகிறவர்களுக்கு முட்டை வளரத் தருகிற மாத்திரை.

இது ஷெட்யூல் எச் மருந்து. சீட்டில்லாமல் விற்கக் கூடாது. ஆனால் டெல்டாவில் பிள்ளை வரம் வேண்டிச் சாப்பிடும் திருக்கருகாவூர் கோயில் நெய்க்கு 48 நாள் கணக்கு பார்க்கிற வீடுகள், இந்த மாத்திரைக்கு ஐந்து நாள் கணக்கைக்கூட ஒழுங்காகப் பார்ப்பதில்லை. லேசாகப் பட்ட கறை நாள் கணக்கில் சேராது. ஓட்டம் நன்றாக வந்த நாள்தான் முதல் நாள். பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் ஆரம்பித்து, தினம் ஒன்றாக ஐந்து நாள். இரண்டாம் நாளே ஒரு ஸ்கேன் எடுத்து, சினைப்பையில் நீர்க்கட்டி நிற்கிறதா என்று பார்ப்பார்கள். பழைய கட்டி இருக்கும்போது மாத்திரை போட்டால் அது இன்னும் பெரிதாகலாம். கர்ப்பம் இல்லை என்பதையும் முதலில் உறுதி செய்ய வேண்டும். மாதவிலக்கு தள்ளிப்போனவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். திருவிழா, கல்யாணம் என்று தேதியைத் தள்ளிப்போட நோரெதிஸ்டிரோன் போட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், நாள் கணக்கே மாறியிருக்கும்.

வீட்டில் எல்லோரும் பயந்தது மாத்திரை பலிக்காமல் போய்விடுமோ என்று. அளவு மீறிப் பலித்தால்தான் வம்பு. சினைப்பைக்குள் முட்டை வளரும் சிறு பை ஒன்று வளர வேண்டிய இடத்தில் மூன்று நான்கு வளர்ந்தால் இரட்டை, மூன்று குழந்தை என்று போகும். குறைப்பிரசவம், தாய்க்கு ரத்தக்கொதிப்பு எல்லாம் அதன் பின்னால் வரும். அதனால்தான் ஒன்பது, பத்தாம் நாளிலிருந்து ஸ்கேன். பை 18 முதல் 20 மி.மீ. வந்திருக்கிறதா, எத்தனை பை, கருப்பையின் உள்சுவர் எவ்வளவு தடிமன் என்று குறிப்பார்கள். நிறைய பைகள் இருந்தால் ‘இந்த மாதம் சேர வேண்டாம்’ என்பார்கள். டாக்டருக்குக் கொடுக்கிற காசு அந்த ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மாத்திரையை யார் வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம்.

‘கருத்தரிக்கவில்லை, அடுத்த மாதம் இரண்டாகப் போடு’ என்பது தெருவில் கிடைக்கும் அடுத்த யோசனை. முட்டை பையிலிருந்து வெடித்து வெளிவரவே இல்லையென்றால்தான் அளவைக் கூட்டுவார்கள். வெடித்தும் கரு நிற்கவில்லையென்றால் கூட்டுவதில் பயனில்லை. உள்சுவர் மெலிந்து, வருகிற வாய்ப்பும் கெடலாம். முட்டை வெடித்ததா என்று பார்க்க, 28 நாள் சுற்று உள்ளவர்களுக்கு 21ஆம் நாள் புரோஜெஸ்டிரோன் ரத்தப் பரிசோதனை உண்டு.

ஸ்கேன் அலைச்சலைச் சொல்லியாக வேண்டும். டாக்டர் சீட்டு இல்லாமல் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். சீட்டில் கடைசி மாதவிலக்குத் தேதியை எழுதி வாங்குங்கள். அது இல்லாததால் எங்களை மறுபடி ஓ.பி. வரிசைக்கே விரட்டினார் கவுண்டரில் இருந்த அம்மா. பத்தாம், பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமையில் விழுகிறதா என்று முதல் நாளே காலண்டரில் பாருங்கள். பூட்டிய கதவைப் பார்க்க பஸ் ஏறி வர வேண்டாம்.

குளோமிஃபினுக்குப் பதிலாக, முட்டை வளர லெட்ரோசோல் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்தால், உள்ளே இருக்கும் தாளில் மார்பகப் புற்றுநோய் என்று போட்டிருக்கும். அதைப் படித்துப் பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள் உண்டு. குழந்தையின்மைக்கு இதைத் தர 2011இல் மத்திய அரசு தடை விதித்தது, 2017இல் தடை நீங்கியது. சந்தேகம் இருந்தால் எழுதிய டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இனி அவசரம். கண் மங்கினாலோ, பொறி பறப்பதுபோல் தெரிந்தாலோ அடுத்த மாத்திரையைப் போடாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள், வண்டி ஓட்டாதீர்கள். வயிறு உப்பி, வாந்தி வந்து, சிறுநீர் குறைந்து, எடை ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினால் சினைப்பை மிகையாகத் தூண்டப்பட்டிருக்கலாம். மாத்திரை மட்டும் என்றால் இது கடுமையாவது அபூர்வம். கூடவே முட்டையை வெடிக்க வைக்கும் எச்.சி.ஜி. ஊசியும் போட்டிருந்தால் கவனம். மூச்சு வாங்கினாலோ, ஒரு பக்கம் திடீரென்று தாங்க முடியாத வலி வந்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள். ‘வாயுதான்’ என்று வலி ஊசி போட்டுப் படுக்க வைக்காதீர்கள், டைக்ளோஃபெனாக் போன்றவை அந்த நேரத்தில் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

டாக்டர் இன்னொன்றும் கேட்டார்: வீட்டுக்காரருக்கு டெஸ்ட் எடுத்தாச்சா? எடுக்கவில்லை, மாத்திரை எல்லாம் பெண்ணுக்குத்தானே! அது விந்துப் பரிசோதனை. இரண்டு முதல் ஏழு நாள் விந்து வெளியேறாமல் இடைவெளி விட்டு, மாதிரியை ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். வேதாரண்யம் பக்கத்திலிருந்து தஞ்சாவூருக்கு பஸ்ஸில் டப்பா கொண்டுவந்தால் அது வீண். எங்களுக்கு ஒரு நடை அப்படித்தான் போனது. அங்கேயே தனி அறை தரும் லேபாகப் பார்த்து, போன் செய்துவிட்டுப் போங்கள்.

ரிப்போர்ட்டில் விந்தணு எண்ணிக்கை குறைவு. நாத்தனாருக்கு இப்போதைக்கு மாத்திரை எதுவும் இல்லை. வீட்டுக்காரருக்கு மூன்று மாதம் கழித்து மறு பரிசோதனை. அதுவரை வெற்றிலை சீவலோடு போகிற புகையிலை கூடாது என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.